ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது

குருசுக்குப்பத்தில் ஊசி போட்டுக்கொள்வதற்கும் ஒரு முறை இருந்தது. ஆண் பிள்ளை என்றால் வலது தொடை, பெண் பிள்ளை என்றால் இடது தொடை. கண் துடிப்பதற்கும் கைரேகை பார்ப்பதற்கும் எந்தக் கணக்கோ அதே கணக்குதான் ஊசிக்கும். மாற்றிப் போட்டால் மருந்து ஏறாது, வலிதான் மிஞ்சும் என்பார்கள். எங்கள் டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கோ ஊரோடு ஒத்துப்போகிற சுபாவம். எந்தத் தொடையில் போட்டால் என்ன, கேட்கிற இடத்தில் போட்டுவிட்டு வருவோம் என்று அப்படியே போட்டு வந்தேன். அந்த வழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், நான் செய்தது என்னவென்று எனக்குச் சாகிறவரை தெரியாமலே போயிருக்கும்.

அப்போது எனக்கு முப்பது வயது. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறாவது வருஷம். ஊருக்கு வடக்கே கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மருந்துப் பாட்டில்களில் ஒட்டியிருக்கிற சீட்டுகளைப் படித்துப் படித்தே இங்கிலீஷும், பாதி பிரெஞ்சும் பழகிக்கொண்டேன். டாக்டர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். இங்கேயே வைத்தியம் படித்து, பிரான்ஸில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது, மிக்சர் கலக்குவது, எழுந்து வர முடியாதவர்களுக்குக் காலையில் சைக்கிளில் போய் ஊசி போட்டுவிட்டு வருவது, இதெல்லாம் என் வேலை. என் கை மெத்தென்ற கை என்று பெயர். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் ஊசியை எடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் குருசுக்குப்பத்துக்காரி. அவ்வளவு தூரம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்து, எங்கள் வாசலில் இறக்கிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாள். குடித்து முடிப்பதற்குள் நாலு பழமொழியாவது வந்து விழும். “செவுளப் பாக்காம மீன் வாங்காத, அடுப்பப் பாக்காம பொண்ணு எடுக்காத.” “கடலுக்குப் போனவன் வந்தாத்தான் வூட்டுக்காரன், அதுவரைக்கும் வெறும் விருந்தாளி.” கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் முதுகில் இவற்றையெல்லாம் நான் எழுதி வைத்துக்கொள்வேன். என் வேலையையும் அவள் விட்டுவைக்கவில்லை.

“அரை வைத்தியரே, ஆயிரம் பேரக் கொன்னாத்தான் முழு வைத்தியராமே. இன்னும் எத்தினி பேரு பாக்கி?”

“உன்னையும் உன் வூட்டுக்காரனையும் சேத்தா கணக்கு முடிஞ்சிடும்மா.”

“அய்ய, அந்தாளு ஏற்கெனவே பாதி செத்தவரு. அவர அரைன்னு போட்டுக்கோங்க.”

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நாலு வயதில் ஒரு பெண், இரண்டு வயது நிறையாத ஒரு பையன். மூன்றைப் பெற்றெடுத்ததில் முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்த இரண்டின் மேலும் உயிரையே வைத்திருந்தாள். பெண் ஓட்டக்காரி. கட்டுமரம் கரை சேருகிறது என்று தெரிந்தால் மணலில் அவள்தான் முதலில் ஓடுவாள்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் குப்பத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் சூடு, கொஞ்சம் வாந்தி, தொண்டையில் சிவப்பு. பெரும்பாலும் மூன்றாம் நாள் தானாகவே இறங்கியது. மீன்காரம்மா பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் நாளே கிளினிக்குக்கு வந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு மிக்சர் மட்டும் எழுதினார். அவளுக்கு மனசு ஆறவில்லை.

“ஊசி போடாத டாக்டரு என்னா டாக்டரு? தண்ணியில செவப்பு கலக்கி நான்கூடக் குடுப்பேன்.”

டாக்டர் சலித்துக்கொண்டு, “போட்டு அனுப்புங்கண்ணே” என்றார். பென்சிலின். குழந்தையின் பாவாடையை ஒதுக்கி இடது தொடையில் போட்டேன். அழவில்லை. என்னையே முறைத்துப் பார்த்தாள். “பாத்தீங்களா எம்பொண்ண! அப்பன் ஊசின்னா ஓடுவாரு” என்று பெருமையோடு தூக்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் காலை கிளினிக் திறக்கும்போதே வாசலில் அவள் நின்றாள். கூடை இல்லை. அவள் சொன்னது இது: காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை கஞ்சி குடித்தது, காலையில் படுக்கையை விட்டு எழுந்தது, விழுந்தது. விளையாட்டு காட்டுகிறது என்று நினைத்து ஓர் அதட்டல் போட்டாளாம். மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தது. டாக்டர் குழந்தையை மேசையில் உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால் நனைந்த துணி மாதிரித் தொங்கியது. இன்னொரு முறை தட்டினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இளம்பிள்ளை வாதம்” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையை இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். சுடுதண்ணீர் ஒத்தடம், காலுக்கு மரச்சட்டம். உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். குடிசைக்குப் பின்னால் மணலில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அங்கேதான் பிள்ளைகள் வெளிக்குப் போவார்கள், அங்கேதான் விளையாடுவார்கள். மீன்காரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கம்பவுண்டரே, ஒண்ணு கேக்கறேன். டாக்டரு அழுக்குல இருந்து வந்துச்சின்னாரு. சரி. அதே அழுக்கத்தான் இந்தக் கோழி நாள் பூரா கொத்தித் தின்னுது, அந்தப் பன்னியும் தின்னுது. ஒண்ணுக்காவது கால் வுழுந்துச்சா? எம்பொண்ணு மட்டும் அப்படி என்னா தின்னுட்டா?”

“கேட்டுச் சொல்றேன்மா” என்றேன்.

அதற்குப் பிறகும் கால்கள் விழுந்தன. அந்த ஆடிக்குள் அதே குப்பத்தில் இன்னும் நாலு பிள்ளைகள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, கால் புண்ணாகிக் கிடந்த ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றப் போயிருந்தேன். அவர் திண்ணைக்கு எதிரே, கோயிலுக்குப் பக்கத்தில் பெண்கள் அண்டாவைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்:

“ஆத்தா தப்புக் கணக்குப் போட மாட்டா. பாரு, பொம்பளப் புள்ளைக்கெல்லாம் எடது காலு, ஆம்பளப் புள்ளைக்கெல்லாம் வலது காலு. மொறையாத்தான் எடுத்திருக்கா.”

“அந்தக் கடைசி வூட்டுப் பையனுக்கு எடது காலுதானடி போச்சு?”

“அவங்கம்மா வேண்டிக்கினு தீச்சட்டி எடுக்கல இல்ல? அதான் மாத்தி எடுத்துட்டா.”

கையிலிருந்த கட்டுத்துணி அப்படியே நின்றுவிட்டது. “என்னாப்பா, மயக்கமா?” என்று கிழவர்தான் கேட்டார்.

கடைசி வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது வலது தொடையில் கட்டி இருந்தது. பழுத்து, தொட்டாலே கத்தினான். அதனால் அவனுக்கு மட்டும் முறையை மீறி இடது தொடையில் ஊசி போட்டேன். அவன் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் போட்டேன். அண்டாவைச் சுற்றி நின்றவர்களுக்கு அது நினைவில்லை. எனக்கு இருந்தது.

கட்டை முடித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக மனதில் நிறுத்திப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் நான் ஊசி போட்டிருந்தேன். விழுந்த கால் ஒவ்வொன்றும் நான் குத்திய கால். சாமியாடி வீட்டுப் பெண்ணுக்கும் அதே காய்ச்சல்தான், அதே வாரம்தான். ஊசி ஆகாது என்று அந்த வீட்டில் என்னைத் துரத்திவிட்டார்கள். அந்தப் பெண் அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஊசி அசுத்தமா? இல்லை. அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுத்தான் எடுப்பேன். அதில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அப்படியானால் இது என்ன?

டாக்டரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிரான்ஸிலிருந்து கப்பலில் வருகிற வைத்தியப் பத்திரிகைகள் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாவற்றையும் தரையில் இறக்கி, உட்கார்ந்து புரட்டினார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“படிச்சிருக்கேண்ணே. இதே பக்கத்தப் படிச்சிருக்கேன். இளம்பிள்ளை வாதம் பரவுற காலத்துல தசையில ஊசி போட்டா, போட்ட காலே விழுதுன்னு போட்டிருக்கான். ஐரோப்பாவுல நடக்கறதுன்னு நெனச்சித் தாண்டிப் போயிட்டேன்.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. படித்துவிட்டு மறந்தவர் அவர், குத்தியவன் நான். யார் யாரைத் திட்டுவது? மீன்காரம்மாவின் கேள்விதான் என் வாயில் வந்தது. கோழிக்கு ஏன் வரவில்லை?

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அதுவும் அந்தக் கட்டில் ஒரு புதுப் பத்திரிகையில் இருந்தது. அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“அண்ணே, இந்தக் கிருமிக்குக் கையும் கிடையாது காலும் கிடையாது. தானா எங்கயும் நுழையத் தெரியாது. நம்ம உடம்பு செல்லுக்கு மேல ஒரு பிடி இருக்கணும். அந்தப் பிடி கிடைச்சாத்தான் ஒட்டும், ஒட்டினாத்தான் உள்ள போகும். மனுஷன் சதைய, குரங்கு சதைய அரைச்சிக் கிருமியோட கலந்தா ஒட்டிக்குதாம். கோழி சதை, எலி சதைன்னா ஒட்டறதே இல்லையாம். இன்னொண்ணும் செஞ்சி பாத்திருக்காங்க. கிருமியோட ஓட்ட உரிச்சிட்டு உள்ள இருக்கற சரக்க மட்டும் கோழி செல்லுக்குள்ள தள்ளினா, அங்கயும் புதுக் கிருமி உண்டாகுதாம். அப்ப கோழி கெட்டிக்காரி இல்ல. அவ வாசல்ல பிடி இல்ல, அவ்வளவுதான்.”

“நம்ம வாசல்ல ஏன் வச்சான் கடவுள்?”

“கிருமிக்காக வச்சிருக்க மாட்டான்ண்ணே. வேற எதுக்கோ வச்சிருப்பான். எதுக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியல.”

குடலில் அந்தப் பிடி இருக்கிறதாம். கிருமி அங்கே நுழைந்து பெருகி, பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடுமாம். வெறும் காய்ச்சலோடு போய்விடும். முதுகுத்தண்டு நரம்பிலும் பிடி இருக்கிறது. அதுவரை போய்ச் சேர்ந்துவிட்டால்தான் கால் போகும். குத்துப்பட்ட தசைக்கும் அந்தப் பாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

இதற்கெல்லாம் விளக்கம் நான் கிழவனான பிறகுதான் வந்தது. கிடைத்ததை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அந்தப் பிடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு செல் பக்கத்து செல்லைப் பற்றிக்கொள்வதற்காக நீட்டி வைத்திருக்கும் கைகளில் அதுவும் ஒன்றாம். கிருமி வந்து அந்தக் கையைப் பிடிக்கிறது. பிடித்ததும் கிருமியின் ஓடு நெகிழ்ந்து உருமாறி, உள்ளே சுருண்டிருக்கிற இழையைச் செல்லுக்குள் விட்டுவிடுகிறது. தசைக்குள் வந்து முடிகிற நரம்பு நுனிகளிலும் அதே கை இருக்கிறது. ஊசி குத்திக் காயப்பட்ட தசையில் கிருமி அதைப் பற்றிக்கொண்டு நரம்பு வழியாகவே முதுகுத்தண்டுக்கு ஏறிவிடுகிறது. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததற்கு ஏணி வைத்துக் கொடுத்தது என் ஊசி.

அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குத்தக் கூடாது. காய்ச்சல் பிள்ளைக்கு இனி ஊசி இல்லை என்று டாக்டர் முடிவு செய்தார். காரணத்தை ஊருக்குச் சொல்வதா என்று கேட்டேன். “சொன்னா கிளினிக்க கொளுத்துவாங்கண்ணே” என்றார். நான் மேலே கேட்கவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்றதும் எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

அந்த நிம்மதி நாலு நாள்கூட நிற்கவில்லை. மீன்காரம்மா பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார்.

“போடுங்க. வலது தொடையில போடுங்க. அவளுக்கு ஒரே ஊசியோட வுட்டதாலதான் கால் வுழுந்துச்சி. இவனுக்கு இப்பவே ஆரம்பிச்சி தெனம் போட்டுடுங்க.”

“வேணாம்மா. மிக்சர் தர்றேன். படுக்கவச்சி அசையாமப் பாத்துக்க.”

“பொண்ணுக்குப் போட்டீங்களே?”

“போட்டேன். இவனுக்கு வேணாம்.”

“ஏன், பென்சிலின் தீந்துடிச்சா? இல்ல, கருவாட்டுக்காரி புள்ளைக்கு இது போதும்னு நெனச்சிட்டீங்களா?”

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பயம் பேசவைத்தது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“பேய்க்கும் பாக்கணும் நோய்க்கும் பாக்கணும். ஆத்தாளுக்குக் கூழு ஊத்திட்டேன். ஊசி மட்டும்தான் பாக்கி. நீங்க போடலன்னா மார்க்கெட்டுப் பக்கம் ஒருத்தரு போடறாரு. அங்க போறேன்.”

படியிறங்கிவிட்டாள். மார்க்கெட்டுக்காரர் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். கால் மணி நேரத்தில் அந்தப் பையன் தொடையில் ஊசி இறங்கிவிடும். நான் வாய் திறந்தால் நிற்பாள், திறக்காவிட்டால் போவாள். இரண்டில் ஒன்று. ஓடிப் போய்த் தெருவில் அவள் முன்னால் நின்றேன்.

“தங்கச்சி, நில்லு. பொண்ணு கால் வுழுந்தது நான் போட்ட ஊசியால.”

“என்னா?”

“காய்ச்சல் இருக்கறப்ப ஊசி போட்டா, போட்ட காலுதான் வுழும். எனக்கு அப்ப தெரியாது. ஆத்தா எடுக்கல. நான்தான் எடுத்தேன். அஞ்சு பேருக்கும் நான்தான். இவனையும் கெடுத்துடாத, ஊசி வேணாம்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பிறகு வந்த வழியே குப்பத்துப் பக்கம் திரும்பி நடந்தாள், மார்க்கெட்டுப் பக்கம் போகவில்லை.

சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைசி வீட்டுப் பையனின் அப்பா வந்து என் சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட்டார். கிளினிக் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கண்ணாடிச் சில்லை டாக்டரே பெருக்கி அள்ளினார்.

நான் அந்தப் பையனின் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது என்று டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அக்காவின் கால் விழுந்தது ஐந்தாம் நாள்தான். அதுவும் போனது. ஆறு, ஏழு. எட்டாம் நாள் மீன்காரம்மாவே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தலையில் கூடை இருந்தது. கீழே இறக்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை.

“பையன் நடக்கறான்” என்றாள்.

நான் கை கூப்பினேன்.

“எனக்கெதுக்குக் கும்புடறீங்க? அவ தெனம் கேக்கறா. ஆத்தா ஏம்மா என் கால எடுத்துக்கினா, நான் என்னா தப்பு பண்ணேன்னு கேக்கறா. நான் என்னா பதில் சொல்லட்டும்? தெருவுல நின்னு ஊருக்கே சொன்னீங்க இல்ல, அவகிட்டயும் வந்து சொல்லுங்க.”

அன்று மத்தியானமே போனேன். சைக்கிள் இல்லாததால் நடந்தே போனேன். குப்பத்துக்குள் நுழைந்ததும் ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி மணலை வாரி வாரி அவள் இடது காலின் மேல் கொட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைத் தட்டிவிடவில்லை.

அவள் எதிரே மணலில் உட்கார்ந்தேன். கேட்ட பழமொழியையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறவன் நான். அந்த நாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு ஒரு பழமொழியும் கிடைக்கவில்லை.

“நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. ஆத்தாளும் பண்ணல. அன்னிக்கு நான் போட்டேன் இல்ல ஊசி, அதனாலதான் காலு இப்படி ஆச்சு. போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியல.”

அவள் ஊசி போட்ட அன்று முறைத்த மாதிரியே முறைத்தாள். அவள் அம்மா குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கயா?” என்று பெண் தன் இடது தொடையைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

“ஆமாம்மா.”

அவள் வலது காலை மடக்கி, பாவாடைக்குள் இழுத்து வைத்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். நான் எழுந்து போகிறவரை கையை எடுக்கவில்லை.